யாரு வெளுக்கச் சொன்னது

ஸ்டுடியோக்காவுக்குக் கோபம் வராத நாள் எது என்று கேட்டால் கடைக்கு லீவு விட்ட நாள் என்று சொல்லலாம். அதுவும் நிச்சயமில்லை. லீவு நாட்களில் மொட்டை மாடியில் அவள் துணி உதறுகிற சத்தத்தை வைத்தே, யார் மேலோ இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை என்று எங்கள் வீட்டில் தெரிந்துகொள்வோம். ஆரணியில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே கீழே போட்டோ ஸ்டுடியோ, மேலே அவள் வீடு. தன் அப்பா வைத்த கடையை அவள் எடுத்து நடத்தினாள். ஒரு தம்பி கூட இருந்தான். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டவர்கள் மறுமுறை கேட்டதில்லை. தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் ஸ்டுடியோக்காதான். அவளைவிட மூத்தவளான என் அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

எனக்கும் கோபம் வரும். இதை எழுதும்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் என் கோபம் கண்டபடி நாலு பக்கமும் சிதறும். அவளுடையது ஒரே இடத்தில் போய் நிற்கும். உள்ள நிறத்தை வேறு நிறமாகக் காட்டச் சொன்னால் அவளுக்கு ஆகாது. மற்றதெல்லாம் அதன் கிளைகள்.

எந்த ஸ்டுடியோவுக்குள் போனாலும் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா மூன்றும் இருக்கும். அவள் கடையில் கண்ணாடி உண்டு, சீப்பு உண்டு. பவுடர் டப்பா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஜக்கில் தண்ணீர் இருக்கும். வீட்டிலேயே அப்பிக்கொண்டு வருகிறவர்களுக்காக அது.

"மூஞ்சிய கழுவிகினு வா. அப்புறம் உக்காரு."

புது மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி, பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்த வாத்தியாராக இருந்தாலும் சரி, கழுவிக்கொண்டுதான் உட்கார வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே கழுவுவார்கள். பஜாரில் வேறு இரண்டு ஸ்டுடியோ இருந்தும் இவளிடமே ஏன் வந்தார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம். ஒருவேளை வீட்டுக்குப் போய்த் திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது போல.

நான் கறுப்பு. 'மாநிறம்' என்று அம்மா சொல்லுவாள், கேட்கிறவர்களுக்காக. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஒட்ட வேண்டிய போட்டோவை ஸ்டுடியோக்காதான் எடுத்தாள். பிரிண்டைப் பார்த்துவிட்டு நான் அங்கேயே அழுதேன். எங்கள் வகுப்புப் பெண்கள் பஜார் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டு சினிமாக்காரிகள் மாதிரி இருந்தார்கள். நான் நானாகவே இருந்தேன். அக்கா என்னை ஆறுதல் சொல்லித் தேற்றவில்லை. எரிந்துதான் விழுந்தாள்.

"இன்னாத்துக்குடி அழுவுற? காதுகீது காணாம பூட்ச்சா? எல்லாம் இருக்குதில்ல?"

அக்காவும் நல்ல கறுப்பு. அதனால் அவளுக்கு அது பெரிதில்லை என்று அப்போது நினைத்தேன். பெரிதுதான் என்று பின்னால் தெரிந்தது.

பட்டு வியாபாரிகள் புடவைகளைப் போட்டோ எடுத்துச் சென்னைக் கடைகளுக்குக் கம்ப்யூட்டரில் அனுப்பத் தொடங்கிய காலம் அது. நான் பி.காம். முடித்துவிட்டு ஒரு பட்டுக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். என் முதலாளி ஒரு நாள் தாமே ஸ்டுடியோவுக்கு வந்து, எடுத்த படத்தைத் திரையில் பார்த்து, "கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணிடும்மா" என்றார்.

"பளிச்சுன்னு வேணும்னா பளிச்சுன்னு சாயம் போடச் சொல்லுங்க. எங்கிட்ட ஏன் சொல்றீங்க?"

"எல்லாரும் பண்றதுதாம்மா."

"அப்ப எல்லாருகிட்டயும் போங்க."

முதலாளி சிரித்து மழுப்பினார். அடுத்த முறையும் அவளிடமே அனுப்பினார். அவள் அனுப்பும் படத்துக்கும் போய்ச் சேரும் புடவைக்கும் வித்தியாசம் இல்லாததால் சரக்கு திரும்பி வந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அதை அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்த ஊரில் பாராட்டு அப்படித்தான், உள்ளேயே வைத்துப் பூட்டிக்கொள்வார்கள்.

கம்ப்யூட்டர் வந்தபோது அக்கா அதை வெறுப்பாள் என்று எல்லோரும் நினைத்தோம். அவளுக்கு அது பிடித்துப் போனது. பிலிம் காலத்தில் வேலூர் லேபுக்கு அனுப்பினால் அங்கே இருக்கிறவன் தன் இஷ்டத்துக்கு வெளுத்து அனுப்புவான். அவள் பஸ் ஏறிப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவாள். இப்போது எல்லாம் கடைக்குள்ளேயே முடிந்தது. "சொன்னத செய்யுது. சொல்லாதத செய்யல. ஆம்பளைங்களவிட இது மேல்" என்றாள். பழைய போட்டோ புரோகிராம் சாதுவானது. தெரு வாரியாக அவள் போல்டர் போட்டு வைத்திருப்பாள். திறந்தால் படம் வரும், மூடினால் போகும். அவ்வளவுதான் அதன் வேலை.

அந்த வருஷம் சந்தவாசலில் அவளுடைய தாய்மாமன் இறந்துபோனார். காரியம் முடிகிறவரை அக்கா அங்கேயே இருந்துவிட்டாள். அந்த இடைவெளியில் தம்பிக்குப் பொறுப்பு வந்துவிட்டது. மெஷின் அடிக்கடி தூங்கிவிடுகிறது என்று வேலூரிலிருந்து ஒருவனை வரவழைத்து, சிஸ்டம் முழுவதையும் புதுசாகப் போட வைத்தான். புது சிஸ்டத்தில் பழைய போட்டோ புரோகிராம் திறக்க மறுத்தது. அதற்கென்ன என்று வந்தவன் புதுசு ஒன்றைப் போட்டுக்கொடுத்தான். அது கடையில் இருந்த அத்தனை படங்களையும் தானே தேடி வாரியெடுத்து, தெருவெல்லாம் கலைத்து, மாத வாரியாக அடுக்கிக்கொண்டது. புதுசாக ஏற்றுகிற படத்தை ஏற்றும்போதே 'சரிசெய்து' கொண்டது. செட்டிங்கில் அதற்கான கட்டத்தில் ஒரு டிக் போட்டிருந்தது. யார் போட்டது? யாரும் போடவில்லை, அதுவே போட்டுக்கொண்டு வந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வரன் பார்க்கப் போட்டோ வேண்டியிருந்தது. அம்மா என்னை எதிர்க்கடைக்கு இழுத்துப் போனாள். தம்பி எடுத்தான், மெஷினில் ஏற்றினான், பிரிண்ட் போட்டுக் கொடுத்தான். பிரிண்டைப் பார்த்த அம்மாவின் முகத்தை நான் மறக்கவில்லை. தறி அறையில் இருந்த அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். பக்கத்து வீட்டில் காட்டினாள்.

"இது யாரும்மா?" என்றேன்.

"நீதாண்டி."

"நான் இல்ல. எனக்கு இந்தக் கலரு எப்ப வந்துச்சி?"

"வெளிச்சத்துல அப்படி விழுந்துகீது. வாய மூடிகினு போ. இன்னிக்காவது அந்த மவராசி ஊர்ல இல்லாம இருந்தாளே."

வாயை மூடவில்லை. போட்டோவை அனுப்பக் கூடாது என்று கத்தினேன். தரகர் அன்றைக்கே அதை வாங்கிக்கொண்டு கண்ணமங்கலம் பஸ் ஏறிவிட்டார். பிடித்துவிட்டதாம், வெள்ளிக்கிழமை வருகிறார்களாம் என்று செய்தி வந்தபோது அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். யாரைப் பிடித்திருக்கிறது அவர்களுக்கு என்று கேட்டேன். அம்மா கோயில் குங்குமத்தை என் நெற்றியில் அழுத்தி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை தறியை நிறுத்திவிட்டார்கள். எந்நேரமும் பட்டு ஓடுகிற வீடுதான் எங்களுடையது, ஆனாலும் நான் கட்டிக்கொள்ளச் சித்தியிடம்தான் ஒரு பட்டுப் புடவை கேட்டு வாங்க வேண்டியிருந்தது. நெய்கிற வீட்டில் எது தங்கும்? மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். கண்ணமங்கலத்தில் அவர்களுக்குப் புடவைக் கடை. காபி கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தாள், பைக்குள்ளிருந்து போட்டோவை எடுத்துப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"டியூப் லைட்டுல ஒண்ணும் தெரியல. வாசலுக்கு வாம்மா."

பட்டு வாங்குகிறவர்கள் செய்வது அது. விளக்கு வெளிச்சத்தில் நிறத்தை நம்பமாட்டார்கள். புடவையை வாசலுக்குக் கொண்டுபோய், முந்தானையைப் பகல் வெளிச்சத்தில் பிடித்து, சாம்பிள் நூலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். என் கடையில் தினமும் பார்க்கிற காட்சி. அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்து வாசல்படிக்குக் கூட்டிவந்து, என் முகவாயைக் கொஞ்சம் தூக்கி, கன்னத்துக்குப் பக்கத்தில் போட்டோவை வைத்துப் பார்த்தாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அப்பா உள்ளேயிருந்து எழுந்திருக்கவில்லை. அந்த மாப்பிள்ளையும் எழுந்திருக்கவில்லை, கையில் காபி டம்ளரோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கை என் முகவாயில் இருக்கிறது. அப்போதே தட்டிவிட்டிருக்க வேண்டும் என்று நினைக்காத நாளில்லை.

ஸ்டுடியோக்கா அன்று காலையில்தான் சந்தவாசலிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். கடையைத் திறந்து, என் முதலாளி கொடுத்துவிட்டுப் போயிருந்த புடவையையும் தம்பி அதை எடுத்த படத்தையும் பார்த்திருக்கிறாள். மேசையில் இருந்த புடவை அரக்கு. திரையில் இருந்தது ரோஸ். அக்கா போட்ட சத்தம் எங்கள் வாசல்வரை கேட்டது.

"யாருடா இத வெளுக்கச் சொன்னது? இன்னும் எத எதடா வெளுத்து அனுப்பினே?"

தம்பி என் போட்டோவைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நிமிஷம் அவள் தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். பஸ்ஸில் வந்த கசங்கிய புடவை, கலைந்த தலை. நேராக வந்து அந்த அம்மாளின் கையிலிருந்து போட்டோவைப் பிடுங்கினாள்.

"இது என் கடை போட்டோ. இது தப்பு. எங்க மிஷினு பண்ண தப்பு. இத வெச்சி பாக்காதீங்க."

"பாத்தியா! அதானே பாத்தேன்" என்றாள் அந்த அம்மாள், உள்ளே திரும்பி. "ஏமாத்தி கட்டி வெக்கப் பாக்கறாங்க."

"யாரும் ஏமாத்தல. தப்பு மிஷின்மேல, என்மேல. இந்தப் பொண்ணுமேல இல்ல. நீங்க மொதல்ல அவ கைய வுடுங்க."

"நீ யாரும்மா நடுவுல?"

"நான் யாரா இருந்தா இன்னா? புடவையா இது, வாசல்ல இட்டாந்து வெச்சி புரட்டிப் பாக்க? உள்ள உக்காந்துகினு கீறானே உன் புள்ள, அவனயும் இட்டாந்து இங்க நிறுத்து. நானும் வெளிச்சத்துல பாக்கறேன், இன்னா கலருன்னு!"

போட்டோவை நாலாகக் கிழித்தாள். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். போகும்போது மாப்பிள்ளை வாசலில் ஒரு நொடி நின்றான். அவனும் கறுப்புதான், என்னைவிட ஒரு படி கூட. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள். "என் பொண்ணு வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டியேடி! நீதான் ஒண்டியா நிக்கற, எம் பொண்ணும் நிக்கணுமா?" ஸ்டுடியோக்கா கிழித்த துண்டுகளைக் கீழே போடாமல் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போனாள். அன்றோடு அம்மா அவளிடம் பேசுவதை நிறுத்தினாள். எதிரெதிர் வீடு, தினமும் முகத்தில் முழித்துக்கொண்டே பேசாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. அம்மா செய்து காட்டினாள்.

மறுநாள் நான் சண்டை போடத்தான் கடைக்குப் போனேன். அவர்கள் போனபிறகு சொல்லியிருக்கக் கூடாதா, தெருவே பார்க்க அந்தக் கூத்து வேண்டுமா என்று கேட்க நினைத்திருந்தேன். உள்ளே அக்கா போனில் வேலூர்க்காரனைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"ஆட்டோமேட்டிக்குன்னா? என் கடையில எனக்குத் தெரியாம இன்னாய்யா ஆட்டோமேட்டிக்? நான் கேட்டனா? கேக்காத வேலைய செய்யறதுக்கு அது இன்னா என் மாமியாரா?"

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

"என்னை எடு. டிக்கோட ஒண்ணு ஏத்தறேன், டிக் இல்லாம ஒண்ணு ஏத்தறேன். இது இன்னா பண்ணுதுன்னு எனக்குப் பாக்கணும்."

எடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, கேமராவையே அடிக்க வருகிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே படத்தை இரண்டு விதமாக ஏற்றினாள். டிக்கோடு ஏற்றியதில் வேறு யாரோ இருந்தாள், சாம்பல் பூத்த சிவப்பில், கோபம்கூட வெளிறிப்போய். டிக்கை எடுத்துவிட்டு ஏற்றியதில் அவள் இருந்தாள். அதைப் பிரிண்ட் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"வெச்சிக்கோ. இந்த மிஷினு திரும்ப எனக்குத் தெரியாம எதையாவது பண்ணுச்சின்னா இத வெச்சி ஒத்துப் பாக்கலாம்."

"நேத்து எனக்காகத்தானே வந்தீங்க?" என்று கேட்டேன். சண்டை எங்கேயோ போய்விட்டிருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் கேட்டால் போதும் போல இருந்தது.

அக்கா யோசித்தாள். "இல்ல. உங்கிட்ட இன்னாத்துக்கு பொய் சொல்லணும்? என் கடை போட்டோ பொய் சொல்லிடுச்சேன்னுதான் ஓடியாந்தேன். வாசல்ல அவ உன்ன புடிச்சிகினு நின்னத பாத்தப்பதான் உன் நெனப்பே வந்துச்சி."

எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? ஒரு சொட்டு வெளுத்துக் காட்ட அவளுக்கு வராது, வார்த்தையில்கூட. அந்தப் பிரிண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பீரோவுக்குள் புடவைகளுக்கு அடியில் எறிந்தேன். அவளை எனக்குப் பிடிக்கத் தொடங்கியதும் அன்றைக்குத்தான்.

அந்தப் புரோகிராமோடு அவள் கடைசிவரை மல்லுக்கட்டினாள். டிக்கை எடுப்பாள், கொஞ்ச நாளில் அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு மறுபடியும் டிக்கோடு வந்து நிற்கும். மானிட்டர்மேல் 'டிக்கை எடு' என்று தம்பிக்காக ஒரு காகிதம் ஒட்டி வைத்தாள். கலைந்த தெருக்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினாள். என் கல்யாணத்துக்கும் அவள்தான் போட்டோ எடுத்தாள். பிறகு நான் வேலைக்குப் போன வேலூரில் என்னோடு வேலை பார்த்தவர்தான் மாப்பிள்ளை. என்னை நேரில் பார்த்தே கேட்டார், போட்டோ எதுவும் போகவில்லை. கல்யாண மண்டபத்திலும் அம்மா அவளைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. நான்தான் கூப்பிட்டேன்.

சில வருஷம் கழித்து ஒரு நாள் தம்பி போன் செய்தான். மார்வலி என்று போன அக்கா ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. நான் வேலூரிலிருந்து பஸ் ஏறினேன். கண்ணமங்கலம் வந்ததும் வழக்கம்போல முகத்தை ஜன்னலுக்கு மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஆரணியில் எங்கள் தெருமுனையில் பிளக்ஸ் வைத்திருந்தார்கள். 'கண்ணீர் அஞ்சலி' என்பதற்குக் கீழே ஒரு பெண். சிவந்த முகம், ரோஸ் உதடு, மெல்லிய புன்னகை. கழுத்துக்குக் கீழே யாருடையதோ உடம்பு, அதில் ஒரு பட்டுப் புடவை. ஆரணித் தறி எதிலும் ஓடாத ஒரு நிறம். யாரோ வேறு ஆள் என்று தாண்டிப் போய்விட்டேன். ரெண்டு அடி வைத்த பிறகுதான் கீழே இருந்த பெயர் உறைத்தது. திரும்பி வந்து பார்த்தேன். கம்ப்யூட்டரில் கிடந்த அந்த டிக் போட்ட படத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறான் தம்பி. பிளக்ஸ்காரன் அதற்கு மேலேயும் வெளுத்து, சிரிக்கவும் வைத்திருக்கிறான். செத்தவள் எழுந்து வந்து சண்டை போடமாட்டாள் என்ற தைரியம்.

அவள் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் மாலை போட்டு வைத்திருந்ததும் அதே படம். பக்கத்தில் ஊதுவத்தி. நான் அழவில்லை, கத்தினேன்.

"யாருடா இத வெளுக்கச் சொன்னது? அக்காவாடா இது?"

"நல்லாகீதுன்னு எல்லாரும் சொன்னாங்கக்கா" என்றான் அவன், அழுதுகொண்டே. அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்தும் தெரியவில்லை. கூடத்தில் இருந்தவர்கள் சாவு வீட்டில் இது என்ன சத்தம் என்று என்னை அடக்கினார்கள். மாலையைக் கழற்றி அந்தப் படத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா சாவு வீட்டுக்குப் போயிருக்கவில்லை. எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து புடவைகளை எல்லாம் வாரி வெளியே போட்டேன். கிடைக்கவில்லை.

"அங்க இல்ல" என்றாள் அம்மா, பின்னால் வந்து நின்று. "பூச்சி அரிச்சிடும்னு நாந்தான் எடுத்து கவர்ல போட்டு வெச்சேன்."

சாமி அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். நான் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. கவரைப் பிரித்தாள். விளக்கு போட்டிருந்தும், படத்தோடு வாசல்படிக்குப் போனாள். பகல் வெளிச்சத்தில் அதைச் சாய்த்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். படத்தில் ஸ்டுடியோக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எங்களை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"கலரு சரியா கீது" என்றாள் அம்மா.

அவளே அதை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனாள்.